தொல்லையும் அன்பும்: கிழக்கிலங்கைக் கரையோர வீட்டிற் பூனை

1

பூனை வளர்ப்போரிடம் அதனைப் பற்றி வினவினால் முதலில் வெளிவருவது பெரும்பாலும் முறைப்பாடாகவே இருக்கும். ஆணத்துக்கென வைத்த மீனை இழுத்துச் சென்றது. சுபஹுத் தொழுகைக்கு எழுவதற்கு முன்னரே கதவைப் பிறாண்டியது. தைத்துக்கொண்டிருந்த துணியின்மேற் படுத்து உரோமம் உதிர்த்தது. அலுமாரியினுள்ளே குட்டி போட்டது. இப்பட்டியல் முடிவுற்றதும், அவ்வாறாயின் அதனை ஏன் வைத்திருக்கின்றீர்கள் எனக் கேட்டால், கேட்டவர் மீதே சினம் பிறக்கும். கல்முனைப் பகுதியில் இக்கட்டுரையாளர் வளர்ந்த வீட்டிலும் நிலைமை இதுவே. வாப்பா பூனையைத் துரத்த எழும்போதெல்லாம் மூத்தம்மா குறுக்கே வந்து சொல்வது ஒன்றே: “வாயில்லாச் சீவன் மனே, நம்மள நம்பித்தானே வந்திரிக்கி.” சொல்லிவிட்டு, சிந்திய பாலைத் துடைப்பவரும் அவரே.

தொல்லை தரும் ஓர் உயிரை மனிதர் நேசிப்பது ஏன் என்னும் வினா அற்பமானது எனச் சிலர் கருதக்கூடும். ஆயின் மனிதருக்கும் விலங்குக்குமிடையிலான உறவு எக்காலத்தும் மனிதருக்கும் மனிதருக்குமிடையிலான உறவுகளின் ஊடாகவே அமைந்து வந்துள்ளது. ஆகவே பூனை பற்றிய வினா, வீடு, உழைப்பு, உடைமை ஆகியன பற்றிய வினாவாகவும் அமைகின்றது. இவ்வினாவுக்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கங்கள் எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்பதையும், அம்பாறை மாவட்டக் கரையோர முஸ்லிம் ஊர்களின் குடும்ப அமைப்பு அதற்கு எவ்வாறு விடை தருகின்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதற்கண் ‘தொல்லை’ எனப்படுவது யாது எனத் தெளிதல் வேண்டும். நாம் குற்றமெனக் கூறும் செயல்கள் யாவும் பூனையின் உடலமைப்பிலும் வாழ்க்கை முறையிலும் வேரூன்றியவை. பூனை முற்றிலும் ஊனுண்ணி. இனிப்புச் சுவையை உணர்வதற்கு வேண்டிய மரபணுக்களுள் ஒன்று அதனிடத்துச் செயலிழந்துள்ளது என்பது 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றால் நிறுவப்பட்டது. எனவே பெருநாளன்று அது வட்டிலப்பத்தை நக்குமாயின் அது முட்டையையும் தேங்காய்ப்பாலையும் நாடியேயன்றிச் சர்க்கரையை நாடியன்று. மீன் கறிச்சட்டியருகே அது காட்டும் பிடிவாதம் பேராசையாற் பிறப்பதன்று. வேறு உணவால் வாழ இயலாத உயிரின் தேவை அது.

மரத்தையும் கதிரையையும் பிறாண்டுவதால் நகத்தின் பழைய மேலுறை கழன்று விழுகின்றது. பாதத்திலுள்ள சுரப்பிகளின் மணம் அவ்விடத்திற் பதிந்து, அது தன் எல்லை என்பதை அறிவிக்கின்றது. விடியலிலும் அந்தியிலும் அது பரபரப்படைவதற்குக் காரணம் அதன் இரைகள் அவ்வேளைகளில் நடமாடுவதே. செத்த பல்லியையோ எலியையோ வீட்டினுள்ளே கொண்டுவருவது, பாதுகாப்பான இடத்துக்கு இரையைக் கொண்டுசேர்க்கும் இயல்பின் தொடர்ச்சி எனலாம். சுருங்கக் கூறின், பூனை மனிதரின் வீட்டில் வாழ்ந்தபோதும் மனிதரின் ஒழுங்குக்குள் முற்றாக வரவில்லை. நாய், மாடு, குதிரை ஆகியவற்றிலிருந்து அது வேறுபடும் இடம் இதுவே.

3

பூனை நேசம் பற்றிய முதலாவது விளக்கம் பயன்பாட்டு விளக்கமாகும். பூனை எலி பிடிக்கும். ஆகவே மனிதர் அதனைப் போற்றினர் என்பர். இதில் வரலாற்று உண்மை உண்டு. வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப் பூனையே என மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஏறத்தாழப் 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் மேற்காசியாவில் வேளாண்மை தோன்றித் தானியம் சேமிக்கப்பட்டபோது எலிகள் பெருகின; எலிகளைத் தேடிப் பூனைகள் வந்தன. சைப்பிரஸ் தீவில் மனிதர் ஒருவருக்கருகே பூனையொன்றும் அடக்கம் செய்யப்பட்டிருந்தமை 2004ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அப்புதைகுழி ஏறத்தாழ 9,500 ஆண்டுகள் பழைமையானது. அத்தீவுக்குரிய காட்டுப்பூனை இனம் எதுவும் இல்லாமையால், அப்பூனை கடல் கடந்து மனிதராற் கொண்டுவரப்பட்ட இனத்ததாதல் வேண்டும்.

வேறு வார்த்தைகளிற் கூறுவதாயின், பூனையை வீட்டுக்கு அழைத்து வந்தது உபரி உற்பத்தியே. உண்டு முடிக்கப்படாத தானியம் இல்லாத சமுதாயத்திற் பூனைக்கும் இடமில்லை. இவ்வகையில் அம்பாறைக் கரையோரமும் பொருத்தமான களமாகும். 1949இல் ஆரம்பிக்கப்பட்ட கல்லோயாத் திட்டத்துக்கு நெடுங்காலம் முன்னரே இப்பிரதேசம் நெல் விளையும் பூமியாக விளங்கியது. களவெட்டியிற் சூடு மிதித்து வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட நெல் மூடைகள் அடுக்கப்பட்ட அறையும், கரைவலை இழுக்கப்படும் கடற்கரையும் ஒருங்கே அமைந்த ஊர்களில் எலிக்கும் பூனைக்கும் உணவுக்குக் குறைவிருக்கவில்லை.

ஆயின் பயன்பாட்டு விளக்கம் தொடக்கத்தை விளக்குமளவுக்குத் தொடர்ச்சியை விளக்குவதில்லை. நெல் இன்று ஆலைக்கும் களஞ்சியத்துக்கும் வயலிலிருந்து நேரே செல்கின்றது, வீட்டில் மூடை இல்லை, பூனை இருக்கின்றது. அன்றியும் பூனையின் எலி வேட்டை பற்றிய மதிப்பும் மிகையானதே. நியூயோர்க் நகரில் கழிவுப்பொருட் கூடமொன்றில் 79 நாட்கள் ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தி அவதானித்து 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றிற் பூனைகள் கொன்றனவாகப் பதிவான எலிகள் இரண்டே. பருத்த எலியைக் கண்டால் ஒதுங்கிச் செல்லும் பூனையை நாமும் கண்டிருக்கின்றோம். அதற்காக எவரும் அதன் சோற்றை நிறுத்துவதில்லை.

‘மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு’ என்னும் கட்டுரையில், மனிதரோடு வாழ்ந்ததால் விலங்குகள் பெற்ற பற்று, நன்றி ஆகிய உணர்ச்சிகளைப் பற்றி ஏங்கெல்ஸ் குறிப்பிடுகின்றார். அங்கு அவர் முதன்மையாக எடுத்துக்காட்டுவன நாயும் குதிரையும் ஆகும். இரண்டும் உழைக்கும் விலங்குகள். மந்தைகளின் உடைமை தனிச்சொத்தின் தோற்றத்திற் பெற்ற இடத்தை 1884இல் வெளிவந்த நூலில் அவர் விளக்கினார். பூனை இவ்விரு வரிசையிலும் அடங்காது. அது ஏர் இழுப்பதில்லை, காவல் காப்பதில்லை, பாலோ இறைச்சியோ தருவதில்லை. அதனைச் செல்வமாக எண்ணி எவரும் கணக்கெடுப்பதில்லை. பொருளாதாரக் கணக்கில் இடம்பெறாத இவ்வுயிர் வீட்டில் மட்டும் நிலையான இடம் பெற்றமை எவ்வாறு என்பதே நமது வினாவாகின்றது.

4

இரண்டாவது விளக்கம் உளவியலாளருடையது. பூனையின் உருண்டை முகமும் பெரிய கண்களும் குழந்தையை நினைவூட்டுவதால் நம்மிடத்துப் பேணும் உணர்ச்சி எழுகின்றது என்பர். குழந்தையுருவின் இவ்வாற்றலை 1943இல் எடுத்துக்கூறியவர் கொன்ராட் லோரன்ஸ். 2009இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரன் மக்கோம்பும் அவருடன் ஆய்ந்தோரும், உணவு வேண்டிப் பூனை எழுப்பும் உறுமலிற் குழந்தையின் அழுகையை ஒத்த உயர்ந்த ஒலி கலந்திருப்பதையும், பூனை வளர்க்காதவர்களுங்கூட அவ்வொலியை அவசரமானதாக உணர்வதையும் எடுத்துக்காட்டினர். வளர்ந்த பூனைகள் தம்முள் அரிதாகவே ‘மியா’ எனக் கத்துகின்றன; அக்கத்தல் பெரும்பாலும் மனிதரை நோக்கியதே. 2019இல் ஒறிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட பூனைகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கின, தம்மைப் பேணுபவரிடத்துக் குழந்தை தாயிடத்துக் காட்டும் பாதுகாப்பான பற்றினை ஒத்த நடத்தையைக் காட்டின. ஆகவே பூனைக்கு அன்பே இல்லை என்னும் பழிச்சொல் தவறானது.

சூரிச் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் டர்னர் கண்ட முடிவு இன்னும் கவனத்திற்குரியது. மனிதர் வலிந்து தொடங்கும் கொஞ்சலைக் காட்டிலும், பூனை தானே வந்து தொடங்கும் கொஞ்சல் நீண்ட நேரம் நிலைக்கின்றது. பூனையின் விருப்பத்துக்கு மனிதர் இணங்கும் அளவுக்கு மனிதரின் விருப்பத்துக்குப் பூனையும் இணங்குகின்றது. இங்கு ஆண்டான் அடிமை உறவு இல்லை. கட்டளையிட்டுப் பெற முடியாத ஒன்றாக இருப்பதாலேயே, பூனை மடியில் வந்து படுப்பது ஒரு பேறாகக் கருதப்படுகின்றது.

எனினும் உயிரியல் தருவது ஒரு சாத்தியப்பாட்டை மட்டுமே. அச்சாத்தியப்பாடு எவ்வாறு நிறைவேறும் என்பதைச் சமூக உறவுகளே தீர்மானிக்கின்றன. குழந்தைமுகம் எல்லாக் காலத்தும் இரக்கத்தை எழுப்புமாயின், 1730களின் பிற்பகுதியிற் பாரிஸ் நகரத்து அச்சகம் ஒன்றில் நிகழ்ந்ததை விளக்க முடியாது. அங்கு பயிலுநராக இருந்த தொழிலாளர், முதலாளியின் மனைவி நேசித்த பூனை உட்பட அயலிலுள்ள பூனைகளைப் பிடித்துப் போலி விசாரணை நடத்திக் கொன்றனர். அமெரிக்க வரலாற்றாசிரியர் றொபேட் டார்ன்டன் 1984இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சியை விரிவாக ஆராய்ந்துள்ளார். எசமானியின் பூனை நல்லுணவு உண்ண, தொழிலாளருக்குக் கிடைத்தது பூனையும் தீண்டாத எச்சில். உழைப்போரைக் காட்டிலும் பூனை உயர்ந்த இடத்தில் வைக்கப்பட்ட வீட்டில், பூனை வர்க்கத்தின் குறியீடாகிவிட்டது. எசமானர் மீதான வெறுப்பு அதன் மீது பாய்ந்தது. அக்கொடுமையை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆயின் பூனையின் முகத்தைப் பார்த்து மட்டும் எவரும் நேசிப்பதுமில்லை, வெறுப்பதுமில்லை என்பதை இது தெளிவாக உணர்த்துகின்றது.

5

அவ்வாறாயின் நமது மரபு பூனையை எவ்வாறு நோக்கியது? தமிழிலக்கியத்தில் இதற்குரிய சான்றுகள் பழைமையானவை. வெருகு, பூசை ஆகிய சொற்களைத் தொல்காப்பிய மரபியல் அறியும். பூசை என்னும் சொல்லோடு மலையாளத்துப் பூச்ச என்பதும், சிங்களத்துப் பூசா என்பதும் ஒலியால் ஒத்திருத்தல் நோக்கற்பாலது. ஆயின் இலக்கியத்திற் பூனை பெரும்பாலும் பெருமைக்குரிய உருவமாக வரவில்லை. இராமகதை பாட முனைந்த தன் ஆசையைக் கம்பர் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையின் ஆசைக்கு ஒப்பிட்டு அவையடக்கம் கூறினார். மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவர் காலத்துப் பெருஞ் சிற்பத்தொகுதியில், தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும் அதனைச் சூழ்ந்த எலிகளையும் காணலாம். அது போலித் துறவின் எள்ளற்சித்திரம் என்பர். பழமொழிகளிலும் கள்ளத்தனம், பாசாங்கு, நிலையின்மை ஆகியவற்றின் உருவமாகவே அது பெரிதும் வருகின்றது. தென்கலை வைணவர் இறையருளை விளக்கக் கையாண்ட மார்ச்சால நியாயம் குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. குட்டி ஒரு முயற்சியும் செய்யாதிருக்கத் தாய்ப்பூனையே அதனை வாயிற் கவ்விக் காக்கின்றது என்பதே அதன் உவமை. பூனை இங்கு பெருமை பெறுவது தாய் என்ற நிலையிலேயாகும்.

‘கள்ளப் பூனை’ என்னும் வழக்கைச் சற்று ஆராய்தல் தகும். களவு என்பது உடைமையை முன்னிட்ட கருத்து. உடைமை இல்லாத இடத்திற் களவு இல்லை. சட்டியிலுள்ள மீன் எவருடையது என்னும் ஏற்பாடு மனிதர் தமக்குள் செய்துகொண்டது. பூனை அவ்வேற்பாட்டிற் பங்குபற்றவில்லை. களஞ்சியத்தின் உடைமையாளர் நோக்கிலேயே பூனை கள்ளனாகின்றது. ஏட்டிலே பூனையைக் கள்ளனாகத் தீட்டியோர் பெரும்பாலும் அதற்குச் சோறு வைத்தவர்களல்லர். சோறு வைத்தவர்கள் ஏடெழுதவில்லை. இலக்கியப் பூனைக்கும் குசினிப் பூனைக்கும் இடையே நாம் காணும் தூரத்துக்கு இதுவே காரணம் எனலாம்.

முஸ்லிம் மக்களிடையே பூனைக்குரிய மதிப்பைச் சமயமரபும் வலியுறுத்தியுள்ளது. நபித்தோழருள் ஒருவர் பூனைக்குட்டியோடு கொண்ட பற்றினால் அபூ ஹுறைறா, அதாவது பூனைக்குட்டியின் தந்தை என்னும் பெயர் பெற்றார். பூனையைக் கட்டிவைத்து உணவின்றிச் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானமை பற்றிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உண்டு. பூனை வாய்வைத்த நீர் அசுத்தமாவதில்லை என்னும் கருத்துடைய ஹதீஸில் அதற்குக் கூறப்படும் காரணம் ஊன்றி நோக்கத்தக்கது: அது வீட்டிலே நம்மைச் சுற்றி வருவோருள் ஒன்று. இங்கு பூனை வீட்டாரின் பொருளாகக் கொள்ளப்படாமல் வீட்டாரோடு எண்ணப்படுகின்றது. நபியவர்களின் பூனை எனப் பரவலாகக் கூறப்படும் முஎஸ்ஸாவின் கதை பெருந் தொகுப்புகளிற் காணப்படாத மக்கட் கதையே. எனினும் பூனை உறங்கியதால் ஆடையின் பகுதியை வெட்டிவிட்டு எழுந்தார் என்னும் அக்கதையை நமது ஊர்ப் பெண்கள் விரும்பிச் சொல்வது, தொல்லையைப் பொறுத்தலே அன்பின் அடையாளம் என அவர்கள் கருதுவதைக் காட்டுகின்றது.

சமயபோதனை மட்டும் இந்நேசத்தை ஆக்கியது எனக் கொள்ளவும் முடியாது. அதே போதனையைக் கேட்ட வாப்பா பூனையைத் துரத்தினார்; மூத்தம்மா காத்தார். இவ்வேறுபாட்டின் காரணத்தை வீட்டின் அமைப்பிலே தேடுதல் வேண்டும்.

6

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரத்திலே தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிமரபு நிலவி வந்துள்ளது. நூர் யல்மான், டெனிஸ் மக்கில்வ்றே முதலிய மானிடவியலாளர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் அதே வளவிலோ அயலிலோ சிறிய வீட்டுக்குப் பெயர்வதும் உண்டு. பூனையோ இடத்தைப் பற்றி வாழும் உயிர். வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும்போது பூனையும் அவ்வாறே கைமாறுகின்றது. புது மாப்பிள்ளை வந்துசேர முன்னரே பூனை அங்கு குடியிருக்கின்றது என வேடிக்கையாகக் கூறலாம்.

இதனை வைத்துப் பெண்ணின் ஆட்சி நிலவும் வீடு இது எனக் கொண்டுவிடலாகாது. வீட்டின் உரிமை பெண்ணிடம் இருக்க, வயலின் வருமானத்தையும் வெளியுலகத் தீர்மானங்களையும் பெரும்பாலும் ஆண்களே கையாண்டு வந்துள்ளனர். குசினியின் உழைப்பு முழுவதும் பெண்ணுடையது. அவ்வுழைப்பு அவள் கடமை எனக் கருதப்படுகின்றது. கணவனுக்கு, பிள்ளைகளுக்கு, விருந்தினருக்கு அவள் சமைப்பது எதிர்பார்க்கப்படுகின்றது. உப்புக் குறைந்தால் விசாரணையும் உண்டு. இத்தகைய வீட்டில் எவருடைய கட்டளையுமின்றி, தன் விருப்பத்தின்படி அவள் உணவிடும் வாய் ஒன்றே ஒன்று. மீன் கழுவும்போது தலையையும் குடலையும் எறிந்து கொடுப்பதும், சோற்றிலே ஆணத்தின் மண்டியைப் பிசைந்து கோடிப்புறத்தில் வைப்பதும் கணக்கிற் சேராத உழைப்பு. அவ்வுழைப்பின் பயனைப் பறிப்பவர் எவருமில்லை. அதற்குக் கணக்குக் கேட்பவரும் இல்லை.

நமது வினாவுக்கான விடை இங்கேயே கிடைக்கின்றது. தொல்லை இருந்தும் நேசிக்கின்றோம் என்பது வழக்கமான கூற்று. தொல்லை என்பதோ மறுபுறம் உழைப்பே: துடைத்தல், உணவிடல், குட்டிகளைப் பேணல், காயத்துக்கு மஞ்சள் பூசுதல். இவ்வுழைப்பிலிருந்துதான் நேசம் பிறக்கின்றது. மனித உணர்வுகள் வரலாற்று நடைமுறையில் உருவாகுபவை என இளம் மார்க்ஸ் தமது 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் வாதிட்டார். தம் கையாற் பொருத்திய பொருளை மக்கள் அதிகமாக மதிக்கின்றனர் என 2012இல் அமெரிக்க உளவியலாளர் சிலர் பரிசோதனை வாயிலாகக் காட்டினர். ஆயின் உழைப்பு யாவும் அன்பைப் பிறப்பிப்பதில்லை. போடியாரின் வயலில் அருவி வெட்டிய கூலியாள் அவர் வீட்டுக்குச் செல்லும் நெல் மூடையை நேசிப்பதில்லை. பிறர் தறியிற் கூலிக்கு நெய்யும் மருதமுனை நெசவாளி, கைமாறிச் செல்லும் சாரத்தை நினைத்து உருகுவதில்லை. அங்கே உழைப்பின் விளைவு உழைத்தவரிடமிருந்து அந்நியப்படுகின்றது. அந்நியப்படாத உழைப்பே பற்றாக மலர்கின்றது. பூனைக்கு உணவிடும் பெண்ணின் உழைப்பு அத்தகையது.

பூனை கட்டளைக்குப் பணியாதிருப்பதும் இங்கு பொருள் பெறுகின்றது. நாள் முழுவதும் பிறர் விருப்பத்துக்கு இணங்கி வாழும் ஒருவர், எவர் விருப்பத்துக்கும் இணங்காத ஓர் உயிரைத் தன் வீட்டிற் பார்க்கின்றார். அதன் பிடிவாதத்தைக் கண்டித்துக்கொண்டே இரசிக்கின்றார். மூத்தம்மாவின் கண்டிப்பில் எப்போதும் ஒரு சிரிப்பு இருந்தது. அச்சிரிப்பின் பொருள் கட்டுரையாளருக்குப் பிற்காலத்திலேயே விளங்கியது.

7

இவ்வுறவு மாறாதது எனக் கொள்வது வரலாற்றை மறுப்பதாகும். தொல்லை என்பதும் வரலாற்றுக்குட்பட்டதே. மணல் முற்றமும், கிடுகு வேலியும், முருங்கையும் பூவரசும் இருந்த வளவிற் பூனை மணலிலே மலங்கழித்து மூடியது. மரத்திலே நகம் தீட்டியது. அது எவர் கண்ணிலும் படவில்லை. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கியவை. ஒவ்வொரு மகளுக்கும் வீடு கட்ட வளவு துண்டாடப்பட்டது, முற்றம் சீமெந்தாயிற்று, தரை மாபிளாயிற்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய கடற்கோள் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்திலேயே. அதன் பின்னர் கரையோரக் குடும்பங்கள் பல மாடி வீட்டுத் தொகுதிகளிற் குடியமர்த்தப்பட்டன. மூன்றாம் மாடியில் மணல் இல்லை, கோடிப்புறம் இல்லை. பூனையின் பழைய இயல்பே புதிய குற்றமாகின்றது. முன்னர் மண் ஏற்றுக்கொண்டதை இன்று பெண் ஒருத்தி கையாற் கழுவ வேண்டியுள்ளது.

முதலாளித்துவ நகரில் விலங்குகள் மனிதரின் அன்றாட வாழ்விலிருந்து மறைந்து, செல்லப்பிராணியாகவும் காட்சிப் பொருளாகவும் எஞ்சுகின்றன என ஜோன் பேர்ஜர் 1980இல் வெளிவந்த தமது நூலில் எழுதினார். அது நம் ஊருக்கு முற்றாகப் பொருந்தாது. இங்கு பூனை இன்னும் அயலவர் பலரின் பொதுவுயிராகவே வாழ்கின்றது. நான்கு வீட்டிற் சாப்பிட்டு ஐந்தாவது வீட்டிற் குட்டி போடுகின்றது. 2022இல் எரிபொருட் தட்டுப்பாட்டால் மீன் விலை ஏறியபோது, சோறும் மீன் முள்ளும் உண்ட நமது பூனைகள் பொதியுணவுக்கு அடிமைப்படாதிருந்தன. ஆயின் பொதியுணவும் விலைகொடுத்து வாங்கும் வெளிநாட்டுப் பூனையினமும் வசதி படைத்த வீடுகளில் இடம்பெறத் தொடங்கியுள்ளன. பூனை பண்டமாகும்போது பழைய உறவு அழகின் பெருமையாகவும் அந்தஸ்தின் அடையாளமாகவும் உருமாறும் அபாயம் உண்டு.

இதனினும் பாரிய முரண்பாடு ஒன்றை நாம் பேசாது விடுகின்றோம். பெண்பூனை பிறந்து ஏறத்தாழ ஆறு மாதங்களிற் கருத்தரிக்க வல்லது. சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஆண்டில் இரு தடவையோ அதற்கு மேலோ, ஒரு தடவைக்கு மூன்று நான்கு குட்டிகள் வரை ஈனும். கொல்வது பாவம் என அஞ்சும் வீட்டார் குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையிலும் வைத்தியசாலை வளவிலும் பாடசாலை மதிலோரத்திலும் விட்டுவருகின்றனர். கண்ணிற் படாத மரணம் நம் கணக்கிற் சேராது எனக் கருதுகின்றோம். கட்டிவைத்துச் சாகவிட்டமைக்குரிய கண்டனத்தைப் பயபக்தியோடு கேட்கும் சமுதாயம், தாயினின்று பிரித்துச் சாகவிடுவதை வழக்கமாக ஏற்றுள்ளது. கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நன்மை கருதி அதனை அனுமதிப்போரும் உளர். ஆகவே இது பற்றித் திறந்த மனத்தோடு உரையாடுவது இன்றியமையாதது. கருத்தடையும் விசர்நோய்த் தடுப்பூசியும் தனிவீட்டின் பொறுப்பாக விடப்படாமல் ஊராட்சி நிறுவனங்களின் பொதுப் பணியாதல் வேண்டும். பூனை பொதுவுயிராக வாழும் ஊரில் அதற்கான செலவும் பொதுச் செலவாதலே நியாயம்.

வீட்டினுள்ளும் ஒரு பங்கீடு தேவைப்படுகின்றது. பூனை மலத்தின் வழியே பரவக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் கர்ப்பிணியைத் தொற்றினாற் சிசுவுக்குத் தீங்கு நேரலாம். வெளிவந்த மலத்தில் அந்நுண்ணுயிர் தொற்றும் ஆற்றலைப் பெற ஒரு நாளோ அதற்கு மேலோ செல்லும். எனவே நாள்தோறும் துப்புரவு செய்தலும், கர்ப்பிணி அல்லாத ஒருவர் அதனைச் செய்தலும் மருத்துவரின் அறிவுரை. பூனைக்காகப் பெண்ணையும், பெண்ணுக்காகப் பூனையையும் விலக்க வேண்டியதில்லை. துடைப்பத்தை வேறொரு கை எடுத்தாற் போதும். பூனையை மடியில் வைத்துக் கொஞ்சும் ஆண்மகனிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி, அதன் கழிவை யார் அகற்றுகின்றார் என்பதே. அன்பு உழைப்பிற் பிறக்கின்றது என்னும் எமது முடிவு சரியாயின், உழைப்பிற் பங்குகொள்ளாதவரின் பூனை நேசம் பிறர் உழைப்பை அனுபவிக்கும் நேசமேயாகும்.

மூத்தம்மாவின் வார்த்தைக்கு இறுதியாக ஒருமுறை திரும்பலாம். நம்பி வந்தது எனப் பூனையைப் பற்றி அவர் கூறியது, விலங்கியல் நோக்கில் முழு உண்மையன்று. அது எலியையும் மீனையும் தேடி வந்தது. அதனை நம்பிக்கையாக மாற்றியது அவருடைய கை. பல்லாண்டு காலம் கோடிப்புறத்தில் வைக்கப்பட்ட அந்தச் சோற்றுக்கு எந்தக் கணக்கேட்டிலும் பதிவில்லை. அதனை வைத்தவரின் உழைப்புக்கும் பதிவில்லை. பூனை பற்றிய ஆய்வு அவ்விரண்டாவது கணக்கைத் திறப்பதற்கு உதவுமாயின், அற்பமெனக் கருதப்பட்ட இவ்விடயம் பேசத் தகுதியற்றதாகாது.